ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

மைசூர் சாமுண்டி மலையில் விளக்குகள் அணையும் முன்பே பஞ்சவர்ணத்துக்கு வேலை தொடங்கிவிடும். குழாயடியிலிருந்து ஆறு குடம் தண்ணீர் தூக்கி, சோறு வடித்து, டிபன் கட்டி முடிப்பதற்குள் மூன்று தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். இதய வால்வு சுருங்கிப்போன உடம்பு அது. பதினைந்து வருஷமாக அதோடும் சேர்த்துத்தான் குடித்தனம் நடத்துகிறாள்.

பிறகு கட்டைவிரலால் கணுக்காலை அமுக்கிப் பார்ப்பாள். குழி விழுந்தால் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். அன்று விழுந்த குழி மேலே வரவே இல்லை. நீரை வெளியேற்ற தினமும் காலையில் ஒரு மாத்திரை போட வேண்டும். அட்டையை எடுத்துப் பார்த்தாள், திரும்ப டப்பாவிலேயே வைத்துவிட்டாள். அன்று வியாழன். அவள் மாத்திரை போடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

பைத்தியக்காரத்தனம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். நாம் சட்டை போட்டுக்கொள்கிறவர்கள், அவள் தைக்கிறவள். மாத்திரை போட்டால் மதியத்துக்குள் நாலைந்து தடவை ஒதுங்க வேண்டும். நஞ்சன்கூடு ரோட்டில் இருக்கும் அந்தக் கம்பெனியிலோ ஒரு லைனுக்கு முப்பது மிஷின், முப்பது பெண்கள், ஒரே ஒரு டோக்கன். சூப்பர்வைசர் உமாதேவியின் மேஜையோரம் ஆணியில் தொங்கும் தகரத் துண்டு அது. அதை எடுத்துக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போகலாம், அதுவும் காலையில் ஒருத்திக்கு ஒரே தடவை. அதனால் அவள் இருக்கும் நாலாம் லைனில் மதியம்வரை யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. பாட்டில்கள் நிறைந்து வந்து நிறைந்தே திரும்பும்.

போன மாதம்வரை ஒருத்தி மணிக்குத் தொண்ணூறு காலர் தைத்தால் போதும். இப்போது நூற்றுப்பத்து. சம்பளம் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

பதினோரு மணிக்கு அவள் முன்னால் காலர்கள் குவிந்துவிட்டன. வீங்கிய கால் பெடலை மிதிக்க மறுத்தது. இன்னும் பத்து, இன்னும் பத்து என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பஞ்சு பறக்கும் காற்றில் நெஞ்சு அடைத்தது. மிஷின்மேல் தலை கவிழ்ந்தவளைப் பக்கத்து மிஷின் கெம்பம்மா ஓடிவந்து தாங்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "மாத்திரை ஒழுங்கா போடறீங்களாம்மா?"

"வாரம் தவறாமப் போடறேனுங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "தினமும் போடலைன்னா அடுத்த தடவை உங்களைத் தூக்கிட்டு வர நேரம் இருக்காது."

திங்கட்கிழமை, கூடுதல் தடவை கழிப்பறைக்கு விடச் சொல்லிக் கேட்க, டாக்டர் சீட்டோடு மேனேஜர் செந்தில்நாதன் முன்னால் நின்றாள். கோயமுத்தூர்க்காரர். நம்ம பாஷை பேசுகிறவர், மனசு இரங்குவார் என்று ஒரு நப்பாசை.

"உங்களுக்கு விட்டா முப்பது பேரும் கேப்பாங்கம்மா. முடியலைன்னா எழுதிக் குடுத்துட்டு வீட்ல ரெஸ்ட் எடுங்க."

"வேலைய விட்டா ஈ.எஸ்.ஐ. போயிருமுங்க சார். அப்புறம் மாத்திரை எங்கிருந்துங்க வரும்?"

"மிஷின்ல வால்வு போனா மாத்திடலாம். மனுசனுக்கு நான் என்ன பண்றது?"

மதியச் சாப்பாட்டில் அவள் இதைச் சொன்னபோது கெம்பம்மா டிபன் மூடியைப் பட்டென்று வைத்தாள். "எனக்கு ரெண்டு தடவை நீர்க்கடுப்பு வந்துச்சுக்கா. சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு, சும்மனே இருந்துட்டேன்." இன்னொருத்தி கல்லடைப்பு என்றாள். மற்றொருத்தி, மாதத்தில் மூன்று நாள் லீவு போட்டு அதற்குச் சம்பளம் இழப்பதைச் சொன்னாள். ஒவ்வொருத்தியும் அதுவரை தன் உடம்புதான் குற்றவாளி என்று நினைத்திருந்தாள். பாவிகள், எத்தனை வருஷம்!

செவ்வாய் விடியலில் பஞ்சவர்ணம் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டாள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

எட்டரைக்கு ஒருமுறை டோக்கனோடு போய்வந்தாள். ஒன்பதரைக்கு மறுபடி எழுந்து மேஜையருகே வந்தாள். அடிவயிறு முட்டியது. உமாதேவி தலை நிமிரவில்லை. "ஒரு தடவை ஆயிருச்சேக்கா. சார் கேபின் கண்ணாடிக்குப் பின்னாடி நின்னு பாத்துட்டே இருக்காரு. என் வேலையும் போயிரும்."

பஞ்சவர்ணம் நகரவில்லை. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

கெம்பம்மா மிஷினை அணைத்தாள். பாட்டிலைத் திறந்து மடமடவென்று கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அடுத்த மிஷின் நின்றது. அதற்கடுத்ததும். மூடிகள் திறக்கும் சத்தமும் தண்ணீர் இறங்கும் சத்தமும் லைன் நெடுகக் கேட்டன.

செந்தில்நாதன் ஓடிவந்தார். "மிஷின் ஏன் நிக்குது?"

"தண்ணி குடிச்சோம் சார்" என்றாள் கெம்பம்மா.

"அதுக்கு?"

"எல்லாரும் போகணும்."

"டோக்கன் ஒண்ணுதான் இருக்கு!"

"அது அங்கேயே தொங்கட்டுமுங்க சார்" என்றாள் பஞ்சவர்ணம். வெறுங்கையோடு நடந்தாள்.

அரைநாள் சம்பளம் வெட்டுவேன், பெங்களூர் ஹெட் ஆபீசுக்குப் போன் போடுவேன், கேட்டைப் பூட்டுவேன் என்று அவர் கத்தினார். அதையெல்லாம் அவர் செய்யக்கூடியவர்தான். நாளை வேலை இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. பஞ்சவர்ணத்தின் நெஞ்சு படபடத்தது. பின்னால் இருபத்தொன்பது பேரின் செருப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

மூன்றாம் லைனைக் கடக்கும்போது ஓரக்கண்ணால் பார்த்தாள். அங்கே ஒருத்தி பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.