நடுகல்லில் ஒரு சுழி

கீழ்வானம் வெளுத்து, அண்ணாமலையின் முகட்டில் முதற்கதிர் மஞ்சள் பூசிய நேரம். மலையடியில் விரிந்து கிடக்கும் திருவண்ணாமலை நகர் அதற்கு முன்பே விழித்துவிட்டது. கோபுரங்கள் நான்கும் நெடிது நின்று நோக்க, மலையை வலம்வந்து முடித்தோர் கால்வலியோடும் களிப்போடும் பேருந்துக்கு விரைய, மூன்றுசக்கரத் தானி ஓட்டிகள் அவர்களை வழிமறித்துக் கூவியழைக்க, பூக்கடைகளில் முல்லையும் மருக்கொழுந்தும் நீர் தெளித்து அடுக்கப்பட்டன. அந்நகரை விட்டுக் கீழ்பென்னாத்தூர் நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கும் நெல்வயலும் நிலக்கடலைக் கொல்லையும் மாறி மாறி வரும். அச்சாலையிலிருந்து பிரியும் கிளைவழியில் ஒரு சிற்றூர் உண்டு; அதன் எல்லையில், புங்கமரத்தடியில், இடுப்பளவு உயர்ந்த கல்லொன்று நிற்கிறது. கற்றறிந்த அன்பர்களே, நம் கதை அந்தக் கல்லைப் பற்றியது.

கல்லின் மேற்புறத்தில் சுடுகலன் ஏந்திய வீரன் ஒருவன் செதுக்கப்பட்டிருக்கிறான். அவன் காலடியில், "ஆ. இராமலிங்கம், நாடு காக்கும் போரில் வீழ்ந்தான்" என்று புடைத்த எழுத்துகளில் இரண்டு வரிகள். படையில் சேரப் புறப்படும் அவ்வூர்ப் பிள்ளைகள் அங்கே சூடம் ஏற்றிவிட்டே பேருந்து ஏறுவர். புதிதாய் உழுபொறி வாங்கியவர் எலுமிச்சம்பழம் வைப்பர். இவையெல்லாம் எந்த ஊர் நடுகல்லுக்கும் நடப்பவைதாம். வியப்பு யாதெனின், வீழ்ந்ததாகச் சொல்லப்பட்ட அந்த ஆ. இராமலிங்கம், எண்பது அகவையை எட்டி, பற்களில் நான்கு மட்டுமே குறைந்து, நாள்தோறும் அக்கல்லைக் கடந்தே தம் கொல்லைக்கு நீர் பாய்ச்சப் போய்வந்துகொண்டிருந்தார். "சாமியே நடந்து வருது, வழி விடுங்கப்பா" என்று ஊரார் கேலி பேசுவர். அவரும் கையுயர்த்தி அருள் வழங்கிவிட்டுச் சிரித்தபடி நடப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றாம் ஆண்டு, கார்த்திகைத் திங்களில், மேலை எல்லையில் மூண்ட போரில் அவர் நின்றார். போர் முடியுமுன்னே ஊருக்கு ஆங்கிலத்தில் ஒரு தந்தி வந்தது. அதைப் படிக்கக் கேட்டு மார்பில் அறைந்துகொண்டு அழுத அவர் தந்தை ஆறுமுகம், பதினாறாம் நாள் மகனுக்குக் கல் நாட்டினார். மகன் எழுதிய மடல்களோ போர்க்கால நெரிசலில் எங்கோ தேங்கிக் கிடந்தன. இரண்டு திங்கள் கழித்து விடுப்பில் வந்திறங்கிய இராமலிங்கம், அன்றாடம் புதுமாலை ஏறிய கல்லில் தன் பெயரைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்துத் திகைத்து நின்றான். கல்லைப் பிடுங்கிவிடலாம் என்று ஊரார் சொன்னபோது கிழவர் ஆறுமுகம் அரிவாளோடு வந்து மறித்தார். "என் மவனுக்கு வந்த சாவ அந்தக் கல்லு வாங்கிக்கிச்சு. அதத் தொட்டவன் கைய வெட்டுவேன்!" என்றார். அதன்பின் ஒருவரும் தொடவில்லை.

கல்லான மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்க எவரும் முன்வராத மூன்று ஆண்டுகளுக்குப் பின், துணிந்து வந்தவள் தங்கம்மாள். ஊரின் பாலர் பள்ளியில் முப்பது ஆண்டுகள் பிள்ளைகளின் விரல்பிடித்து மணலில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள். இல்லறம் குறைவின்றி நடந்தது. மகள் அருணாதேவி வேங்கிக்காலில் அரசு அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறாள். எனினும் தங்கம்மாளின் நெஞ்சில் ஒரு முள் இருந்தது. கார்த்திகைதோறும் கணவர் தம் நடுகல்லுக்குத் தாமே விளக்கேற்றும் மாலையில், அவள் கழுத்துத் தாலியை இறுகப் பற்றிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இப்போது அண்ணாமலையார் கோயிலில் எண்பதாம் அகவை விழாவுக்கு மகள் நாள் குறித்துவிட்டாள். இன்னும் மூன்றே நாள். தங்கம்மாள் ஒரே ஒரு வரம் கேட்டாள்.

"ஏங்க, ஊர் எல்லையில உங்க பேருல சாவுக்கல்லு நிக்குது. நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு ரெண்டாந்தடவ தாலிக்குக் கழுத்த நீட்டறது? அத எடுத்துட்டுத்தான் நான் கோயிலுக்கு வருவேன்."

எந்த மனைவிதான் கேட்கமாட்டாள்! இராமலிங்கம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குக் கிளம்பினார். மறுக்காமல் போனதை உடன்பாடென்று கொண்டு, அவள் கல்தச்சர் தருமனுக்குச் சொல்லியனுப்பிவிட்டாள்.

அன்று காலை தருமன் உளிப்பையும் கடப்பாரையுமாய் வந்து, கல்லைக் கும்பிட்டு, அடிமண்ணைக் கிளறிக் கடப்பாரையை நுழைத்தார். கல் சற்றே அசைந்தது. அதுவரை தலைகுனிந்து நின்ற இராமலிங்கம் பாய்ந்து சென்று கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்பா, விட்டுடு! அது என் கல்லு இல்ல!"

தருமன் விழித்தார். "பேரு உங்களோடதுதானேங்க ஐயா?"

"பேரு எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்" என்றவர், மனைவி பக்கம் திரும்பிச் சொல்லத் தொடங்கினார். அவர் இருந்த படையணியில் மற்றோர் இராமலிங்கம் இருந்தான். பெற்றோர் இன்னாரென்று அறியாதவன். திருவண்ணாமலைச் சத்திரமொன்றில் உண்டு வளர்ந்தவன். படையில் சேர்ந்த அன்று தந்தை பெயர் கேட்டபோது, தனக்குத் தெரிந்த ஒரே தந்தை என்று மலையைக் காட்டி, அண்ணாமலை என்று எழுதச் சொன்னவன். மலையே இல்லாத அந்த மேலை எல்லைச் சமவெளியில், "ஒரு மேடுகூட இல்லாம மனுசன் எப்படிடா திசை கண்டுபிடிப்பான்?" என்று நொந்துகொண்டவன்.

"அன்னிக்கித் தண்ணி கொண்டாற என் முறை, தங்கம். எனக்கு ஜுரம். 'நீ படுடா, நான் போய்ட்டு வந்துடறேன்'னு கேனை எடுத்துக்கிட்டுப் போனான். குண்டு விழுந்துச்சு. அவன் வரல. இங்கிலீசுல ரெண்டு பேருக்கும் ஏ ஒண்ணுதானே. அவனுக்குன்னு எழுதின தந்தி எங்கப்பாவுக்கு வந்துடுச்சு. இந்தக் கல்ல விட்டா அவன் பேரச் சொல்ல உலகத்துல ஒண்ணும் இல்ல. நான் வெளக்கு வெச்சதெல்லாம் அவனுக்குத்தான்."

"அம்பது வருசமா ஏங்க சொல்லல?" அவள் குரலில் சினமும் அழுகையும் கலந்தே வந்தன.

"எனக்குப் பதிலா ஒருத்தன் செத்தான்னு தெரிஞ்சா, நீ என்னைப் பாக்கற பார்வ மாறிடும்னு பயந்தேன்."

பகைவர் குண்டுக்கு அஞ்சாதவர், மனைவியின் பார்வைக்கு அஞ்சி அரை நூற்றாண்டைக் கழித்திருக்கிறார்! நகையாடாதீர் அன்பர்களே, வீரர் பலரும் இத்தகையரே.  தங்கம்மாள், பாலர் பள்ளியில் முப்பது ஆண்டுகள் அமர்ந்ததுபோல், மண்ணில் குந்தி அமர்ந்தாள்.

"அவரு அப்பா பேரு அண்ணாமலையா? அப்போ அவரு அனா. நீங்க ஆவன்னா." மணலில் சுட்டுவிரலால் 'ஆ' என்று எழுதினாள். அதன் அடிச்சுழியை மட்டும் உள்ளங்கையால் அழித்தாள். மணலில் 'அ' நின்றது.

"தருமா, கல்ல எடுக்க வேணாம். அந்தச் சுழிய மட்டும் எடுத்துடு."

தருமன் கல்லை நிமிர்த்தி மண் இறுக்கினார். சிற்றுளியை எடுத்து, பூ கொய்வதுபோல் மெல்லத் தட்டினார். நான்காம் தட்டில் சுழி சில்லாய்ப் பெயர்ந்து விழுந்தது. குறிலையும் நெடிலையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்ட அயலெழுத்தின் பிழை, அரை நூற்றாண்டுக்குப் பின் ஒரு பாலர் பள்ளி ஆசிரியையால் திருத்தப்பட்டது. அ. இராமலிங்கம் தன் பெயரில் நின்றான். ஆ. இராமலிங்கம் குழந்தைபோல் விம்மி அழுதார்; அழுது முடித்தபின், தூக்கிச் சென்ற சுமையை இறக்கியவர்போல் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நின்றார்.

தங்கம்மாள் அந்தச் சில்லைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "இந்தக் கல்லுல உங்க பங்கு இவ்ளோதான். அது என் முடிச்சுல கெடக்கட்டும்" என்றாள்.

மூன்றாம் நாள் அண்ணாமலையார் கோயிலில் மங்கல இசை முழங்க, எண்பது அகவைக் கணவர் தாலி கட்டினார். அவள் கூசாது கழுத்தை நீட்டினாள். திரும்பும் வழியில், மகள் வியந்து நோக்க, புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள் தங்கம்மாள். தன் மாலையைக் கழற்றிக் கல்லுக்குச் சூட்டி, விளக்கேற்றினாள். மேற்கே தொலைவில் மலை தெரிந்தது. கல் நட்ட நாளிலிருந்து அவ்வீரனின் முகம் அத்திசை நோக்கியே இருந்ததை அவர்கள் அன்றுதான் கண்டார்கள்.

நெடிலாய் வாழ்பவர் வாழட்டும். குறிலாய் முடிந்தவனுக்கு அவன் எழுத்தையேனும் அவனிடமே கொடுத்துவிட வேண்டும்.