இரண்டாவது சிடி

அந்த நாட்களில் ஒரு படம் என்றால் இரண்டு சிடி. இடைவேளை வரை ஒன்று, மீதிக்கு ஒன்று. வேங்கிக்காலில் புகழேந்தி வைத்திருந்த சிடி வாடகைக் கடையில் எந்த உறையைப் பிரித்தாலும் ஜோடியாகத்தான் இருக்கும்.

இனியா அவருடைய அண்ணன் மகள். ஒன்பதாவதோடு படிப்பு நின்றுபோனதும் சித்தப்பாவின் கடையில் வந்து உட்கார்ந்தாள். யாராவது பேர் கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொள்வாள். அவளிடம்தான் ஆசிரமத்துப் பக்கம் குடியிருந்த வெள்ளைக்காரம்மா, ஊருக்குக் கிளம்பும்போது ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டி நிறைய எந்தெந்த நாட்டுப் படங்களோ.

"இத எவன் வாடகைக்கு எடுப்பான்? எடத்த அடைக்குது. பழைய பேப்பர்காரன் வந்தா போட்டுடு" என்றார் புகழேந்தி.

"தெருப் பசங்களுக்கு ஒண்ணு போட்டுக் காட்டட்டுமா சித்தப்பா?"

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை. "சரி, இந்த ஞாயித்துக்கெழம போடு. பசங்க பாதியில எழுந்து போச்சுங்கன்னா பெட்டி பேப்பர்காரனுக்குத்தான். சொல்லிட்டேன்."

மத்தியானம் கடை சாத்தியிருக்கும் நேரத்தில், மடியில் ஒரு கிண்ணம் பொரியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஓயாமல் பேசிக்கொண்டே இருந்த படங்களை ஒதுக்கினாள். முத்தம் வந்தவற்றை, சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஒதுக்கினாள். கை தானாகப் பொரிக்குப் போனால் அந்தப் படம் பசங்களுக்கு ஆகாது. ஒரே ஒரு படத்தில்தான் பொரி தொடாமல் நமுத்துப்போயிருந்தது. அப்பா விற்றுவிட்ட கழுதையைத் தேடிப் பனிமலையில் நடக்கும் ஒரு சிறுமியின் கதை.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குள் உட்கார இடமில்லை.

"யக்கா, சண்ட இருக்கா?" என்றாள் முன்வரிசை நந்தினி. தெருவில் அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் இல்லை.

"இல்ல."

"பாட்டு?"

"இல்ல."

"அப்ப இன்னாத்துக்குப் படம் எடுத்தான்?"

எல்லாரும் சிரித்தார்கள். இனியா குனிந்த தலையோடு சிடியைப் போட்டாள். படம் ஓடத் தொடங்கியது. பேச்சும் புரியவில்லை, கீழே ஓடிய இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்குள் அது போய்விட்டது.

"அந்தாளு இன்னாக்கா சொல்றாரு?"

"கழுதைய வித்துட்டேன்றாரு" என்று முனகினாள் இனியா.

நந்தினி டிவியைப் பார்த்துக் கையை நீட்டினாள். "யோவ், ஒனக்கு மனசாட்சி இருக்கா?"

அதற்குப் பிறகு இனியாவிடம் யாரும் அர்த்தம் கேட்கவில்லை. அப்பாவுக்கு ஒருவன் பேசினான், சிறுமிக்கு நந்தினி பேசினாள், கழுதைக்கு நாலு பேர் கத்தினார்கள். சிறுமி தனியாகப் பனியில் இறங்கி நடந்தபோது மட்டும் ஒரு குரலும் இல்லை.

கடைசியில் பனி கொட்டும் சந்தையில், மூட்டை சுமந்து போகும் கழுதையைச் சிறுமி கண்டுபிடித்துக் கூப்பிட்டாள். அதன் காது அசைந்தது. திரை இருண்டு, பெயர்கள் ஓடத் தொடங்கின.

யாரும் எழுந்திருக்கவில்லை.

"ரெண்டாவது சிடி போடுங்க மாமா!" என்று வாசலில் நின்ற புகழேந்தியிடம் கத்தினார்கள்.

அவர் வந்து உறையைக் கவிழ்த்துப் பார்த்தார். "எங்கடி இன்னொண்ணு?"

"அவ்ளோதான் சித்தப்பா. ஒண்ணுதான்."

"பாதிப் படத்தையா காட்டின?"

இனியா வாயைத் திறந்தாள். அதற்குள் பசங்களுக்குள் சண்டை மூண்டுவிட்டது. கழுதைக்குச் சிறுமியை அடையாளம் தெரிந்ததா, இல்லையா? ஒருத்தன் அழுகிற நிலையில் இருந்தான்.

"டேய், கத்தாதீங்க!" என்றார் புகழேந்தி. "அவ கூப்ட்டதும் எடது காது ஆடிச்சா இல்லியா? அப்ப தெரிஞ்சிக்கிச்சின்னுதான அர்த்தம்?"

சொன்ன பிறகுதான், வாசலில் எவ்வளவு நேரம் நின்றிருக்கிறோம் என்பது அவருக்கே உறைத்தது போலிருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் பெட்டியைத் தூக்கி மேல் அலமாரியில் வைத்தார். "அடுத்த வாரமாச்சும் முழுப் படமா பாத்துப் போடு."

அடுத்தடுத்த வாரங்களிலும் இனியா பொரிக் கிண்ணத்தோடு உட்கார்ந்து தேர்ந்தெடுத்தாள். அந்தப் பெட்டியில் எந்தப் படத்துக்கும் இரண்டாவது சிடி இருக்கவில்லை.

இப்போது அது செல்போன் ரீசார்ஜ் கடை. இனியாதான் பார்த்துக்கொள்கிறாள். பெட்டி மட்டும் அதே அலமாரியில் இருக்கிறது. கலெக்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த நந்தினி, ஒரு சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகிற வழியில் கடை வாசலில் நின்றாள்.

"அன்னிக்கி மாமா சொன்னது சுத்தப் பொய்க்கா. ஈ ஒக்காந்துதான் காது ஆடிச்சு."

இனியா நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தப் பனியில ஏதுடி ஈ?"