தண்ணீர்க் கூஜா வைக்காத கடை

பெல்யேஷாட்ஸ் கரையில் டிங்காவின் மாடியறைக்கு வாடகைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது எங்கே சாப்பிடலாம் என்பதைத்தான். தலைநகர் சாக்ரெபிலிருந்து வந்த லானாவும் அவள் கணவனும் அதையே கேட்டார்கள்.

"மீனுன்னா படகுத்துறைக்குப் போங்க. சிப்பின்னா வளைகுடா ஓரத்துக் கடை. ஆனா மேட்டுல யெர்கோ கடை இருக்கே, அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதீங்க."

"ஏன்க்கா, சாப்பாடு மோசமா?" என்றாள் லானா.

"சாப்பாடு பிரமாதம். ஆளுதான் சரியில்ல. என் கொழுந்தன்தான். என் தோட்டத்து ஒயினைக் கொண்டுபோய்க் குடுத்தா, ஊரு முன்னாடி பாதிக்குப் பாதி தண்ணி ஊத்திக் குடிச்சான்!"

அந்தக் கரையில் எல்லோருமே சிவப்பு ஒயினில் தண்ணீர் கலந்துதான் குடிப்பார்கள். டிங்காவும் அப்படித்தான், அடுத்தவர் ஒயின் என்றால். ஆனாலும் ஆறு வருஷமாகக் கொழுந்தனோடு பேச்சில்லை.

இவ்வளவு சொன்னபிறகு யார்தான் போகாமல் இருப்பார்கள்? சாயங்காலம் இருவரும் சிரித்துக்கொண்டே மேட்டிலிருந்து இறங்கி வந்தார்கள்.

"அக்கா, அவர் மேசையில தண்ணிக் கூஜாவே வைக்கறதில்ல. கேட்டா, 'இது எங்க அண்ணி ஒயின், இதுல தண்ணி ஊத்தி ஒரு தடவை பட்டது போதும்'ங்கறார்!"

கூட்டுறவுச் சங்கத்தில் தான் விற்கக் கொடுக்கும் ஒயினை வருஷாவருஷம் மொத்தமாக வாங்கிப்போகும் புண்ணியவான் யாரென்று டிங்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

மறுவாரம் வந்தவர்களும் அதையே கேட்டார்கள்.

"யெர்கோ கடைப்பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதீங்க" என்றாள். "ஆறு மணிக்கு மேல போனா இடம் கிடைக்காது. தண்ணி மட்டும் கேட்டுடாதீங்க."