சிவப்பு பம்புக்கு இரட்டைப் பூச்சு

வீட்டுக்கு அடியில், தூண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். மூங்கில் கட்டிலில் நிமோல் அண்ணி, அவள் மடியில் சாய்ந்தபடி மகள் லீடா, ஏழு வயது. கட்டிலின் மறுகோடியில் தாளும் பேனாவுமாக நான். நிமோலின் கணவர் போரா என் அண்ணன். வடிகட்டிப் பானை செய்யும் பட்டறையின் மேஸ்திரி சகான் பிளாஸ்டிக் நாற்காலியில். பக்கத்து வீட்டு யோன் கயிற்றுத் தூளியில் கிடந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி ஆட்டிக்கொண்டிருந்தான். புனோம் பென்னிலிருந்து தண்ணீர் சோதிக்க வந்த ராச்சனா கீழே பாயில், தன் பெட்டிக்கு முன்னால்.

அவளிடம் இரண்டு சீசாக்கள் இருந்தன. ஒன்றில் அடிபம்பில் பிடித்த தண்ணீர், இன்னொன்றில் அதையே வடிகட்டிப் பிடித்தது. இரண்டின் வாயிலும் வைத்த, நஞ்சு இருந்தால் நிறம் மாறும் காகிதத் துண்டுகள் ஒரே மாதிரி பழுப்பேறியிருந்தன.

“ரெண்டும் ஒண்ணுதான்க்கா” என்றாள்.

“நல்லாப் பாரும்மா. இந்தப் பக்கம் இருக்கிறது வடிகட்டினது” என்றாள் அண்ணி.

“தெரியும்க்கா. வடிகட்டியும் ஆர்சனிக் நஞ்சு அப்படியேதான் இருக்கு.”

களிமண்ணும் உமியும் கலந்து சுட்ட பானைக்கு உள்ளும் புறமும் வெள்ளிக் கரைசல் பூசுவதுதான் பட்டறையில் அண்ணியின் வேலை. எங்கள் வீட்டு பம்புக்கு அதிகாரிகள் சிவப்புச் சாயம் அடித்துப் பல வருடமாகிறது. துவைக்கலாம், மாட்டுக்குக் காட்டலாம், குடிக்கக் கூடாது. அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நஞ்சு இருக்கும் இடத்தில் வெள்ளி சும்மா இருக்காது என்பதும் இங்கே எல்லாருக்கும் தெரியும். பெரிய வீடுகளில் வெள்ளிக் கிண்ணத்தில் சாப்பிட்டது அதற்குத்தானே. அதனால் அண்ணி தன் வீட்டுப் பானைக்கு மட்டும் இரண்டாவது பூச்சும் பூசி எடுத்து வந்தாள். யோன் வீட்டுக்கும் அதே இரட்டைப் பூச்சு. சிவப்பு பம்புத் தண்ணீர் அதற்குள் இறங்கிச் சொட்டுச் சொட்டாக வாளியில் விழுந்தது. கண்ணாடி மாதிரி இருந்தது.

“சகான் அண்ணே, வெள்ளி எதையும் விடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றாள் அண்ணி.

“கிருமிய விடாதுன்னு சொன்னேன். வயித்துப்போக்கு வராதுன்னேன். வந்துச்சா?”

“வரல.”

“அப்புறம் என்ன?” என்று கேட்டவர், லீடாவின் கையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

ராச்சனா அந்தக் கையை விரித்து விரலால் தடவினாள். உள்ளங்கையில் தினை தினையாகத் தடிப்புகள். அண்ணிக்கு அவை முற்றிவிட்டன. கழுத்துக்குக் கீழே கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகளும் உண்டு.

“உயிருள்ளதத்தான்க்கா வெள்ளி கொல்லும். இதுக்கு உயிரே கிடையாது. மண்ணுக்கு அடியிலேயே தண்ணியில கரைஞ்சு வருது.”

“மருந்து?”

“தண்ணிய மாத்தறதுதான். இப்பவே மாத்தினா குழந்தைக்கு முத்தாம நிக்கலாம்.”

“எந்தத் தண்ணிக்கு மாத்த?”

யோன் தூளியை நிறுத்தினான். “குளத்துத் தண்ணியா இருந்தா இந்தப் பானை போதும். சேறு, கிருமி எல்லாத்தையும் பிடிச்சுடும்.”

“சரி, குளம் எங்க?” என்றாள் ராச்சனா.

“உங்க வண்டிய நிறுத்தியிருக்கீங்களே, அங்கதான். பம்பு வந்ததும் மண்ணக் கொட்டி மூடியாச்சு. கொசு ஒழிஞ்சுதுன்னு நான்கூட பீர் வாங்கிக் குடுத்தேன்.”

மழைநீர்ச் சாடிகள் மூன்றும் காய்ந்து கிடந்தன. மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் வண்டி எங்கள் தெருவுக்கு வருவதற்குள் காலியாகிவிடும். இந்த வரிசையில் எந்த பம்பும் சிவப்புக்குத் தப்பவில்லை.

ஆற்றங்கரையில் எனக்கும் அண்ணனுக்கும் மூத்த அக்காவின் வீடு இருக்கிறது. லீடாவை அங்கே விடலாம். ஆனால் நிலத் தகராறில் அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணன் தாய்லாந்துக்குக் கட்டட வேலைக்குப் போனார். அவர் எழுதிக் கொடுக்காமல் அக்காவும் பிள்ளையைச் சேர்க்கமாட்டாள், ஆளனுப்பிக் கேட்டாயிற்று.

“எழுதுங்க தம்பி” என்றாள் அண்ணி. “பிள்ளை கையப் பத்தி எழுதுங்க. அக்காவுக்கு ரெண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்க.”

“அண்ணனையே ஒரு நடை வரச் சொல்லவா?”

“வேண்டாம். பாஸ்போர்ட் முதலாளிகிட்ட இருக்கு. வர முடியாதவரக் கூப்பிட்டா, அங்க உக்காந்து அழத்தான் முடியும்.”

எழுதினேன். பதில் வரச் சித்திரைப் புத்தாண்டு கழிந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். லீடா மடியிலிருந்து இறங்கி வாளியின் குழாயைத் திறக்கப் போனாள். அண்ணி பாதி எழுந்தாள். ராச்சனா அவசரமாகத் தன் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள். அடியில் இரண்டு வாய்த் தண்ணீர்தான் இருந்தது. அதைக் குடித்துவிட்டு லீடா மறுபடி வாளிக்கே போனாள்.

“குடிக்கட்டும், விடுங்க” என்று அண்ணி உட்கார்ந்துவிட்டாள். “இந்த வெயில்ல தவிக்க விடவா முடியும்?”

ராச்சனா சீசாக்களைக் கழுவிப் பெட்டிக்குள் வைத்தாள். சகான் எழுந்திருக்கவே இல்லை.

தாய்லாந்து எல்லைக்குக் கடிதம் கொண்டுபோகும் வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. தாளை நாலாக மடித்து உறைக்குள் போட்டேன். பசை இல்லை. யோன் தன் வீட்டிலிருந்து கொஞ்சம் சோறு எடுத்து வந்தான். இரண்டு பருக்கையை நசுக்கி விளிம்பில் தேய்த்து, காயும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்து, ஓடிப்போய் டிரைவர் கையில் கொடுத்தேன்.