துணியில் குத்திய இடுக்கி

றம்லாவுக்கு நின்றபடியே தூக்கம் வந்தது. நர்ஸ் வேலையில் ராத்திரி டியூட்டி முடித்த கையோடு பகல் டியூட்டியும் தலையில் விழுந்தால் வேறென்ன வரும்? வரவேண்டியவள் வரவில்லை. அவளைத் திட்டக்கூட இவளுக்குத் தெம்பில்லை.

தியேட்டர் மேசையில் மரியாயி கிடந்தாள். எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிறவள். மலையில் சறுக்கி விழுந்து வலது சுட்டுவிரல் எலும்பு இரண்டாகிவிட்டது. கை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். ஆள் முழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"இந்த வெரலு மடங்கலேன்னா எனக்கு வேல இல்லீங்க மிஸ்ஸி," என்று வந்ததிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தாள் பாவம்.

டொக்டர் ஸப்வான் கத்தியை எடுக்குமுன் தட்டைப் பார்த்தார். "சின்ன போர்செப்ஸ் எங்க?"

உடைந்த விரலெலும்பைச் சேர்த்துப் பிடிக்கிற கூர்நுனி இடுக்கி அது. அந்த ஆஸ்பத்திரியில் இருப்பதே ஒன்றுதான். றம்லா தட்டைத் துழாவினாள், அலமாரியைக் குடைந்தாள், அழுக்குத் துணி மூட்டையையும் உதறச் சொன்னாள். எங்கேயும் இல்லை.

"அது இல்லாம வெட்ட ஏலாது. எலும்பு கோணலா ஒட்டிக்கும். கண்டிக்கு அனுப்புவோம்," என்று டொக்டர் போனை எடுக்கத் திரும்பினார்.

கண்டியில் மரியாயிக்கு முறை வருவதற்குள் எலும்பு தன்பாட்டில் கோணிக்கொண்டு ஒட்டிவிடும். மரியாயியின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் றம்லா குனிந்தாள். குனிந்த கண்ணில் பட்டன, மரியாயியின் மேல் போர்த்திய பச்சைத் துணி விலகாமல் குத்தியிருந்த கிளிப்புகள். அதிலொன்று மெல்லிசு.

யா அல்லாஹ்! அதேதான். கிளிப்பும் இடுக்கியும் அக்கா தங்கச்சி மாதிரி ஒரே சாடை. தூக்கக் கலக்கத்தில் கிளிப் என்று குத்தியது அவள் கைதான்.

டொக்டர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கழற்றித் துடைத்துத் தட்டில் வைத்தால் ஒரு குருவிக்கும் தெரியாது. ஆனால் துணியைத் துளைத்துத் தோலைத் தொட்ட நுனியாயிற்றே. அதை எலும்பில் வைத்துச் சீழ் பிடித்தால் விரலே போய்விடும்.

"டொக்டர், நான்தான் மாறிக் குத்திட்டேன். திரும்ப ஆவியில வைக்கணும். கொஞ்சம் நில்லுங்க."

"கண்ண எங்க வச்சிட்டு வேல பாக்கிறீங்க? இதுக்குப் பொறகு நாவுல ஊருல கிளினிக் இருக்கு எனக்கு!"

"மிஸ்ஸிய ஏசாதீங்க ஐயா," என்றாள் மரியாயி துணிக்கு அடியிலிருந்து. "அலுத்துப்போனா நாங்களும் கொழுந்தோட முத்தின எலையக் கிள்ளிப் போட்டுருவோம். பொறவு பொறுக்கி எடுத்து வீசறதுதான். நான் காத்திருக்கேனுங்க."

டொக்டர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். ஆவிப் பெட்டியருகே நின்ற றம்லாவுக்கு மாஸ்க்குக்குள் கண்ணீர் ஓடியது. வெட்கம்தான், வேறென்ன.

சுத்தமாகி வந்த இடுக்கி இரண்டு துண்டையும் கப்பென்று பிடித்தது. எலும்பைக் கோக்கிற கம்பி நேராக ஏறியது.

"மடங்குமுங்களா ஐயா?"

"மடங்கும்," என்றார் டொக்டர்.

மரியாயி கண்ணை மூடி மாதாவே என்றாள். பிறகு தலையைத் திருப்பி றம்லாவைத் தேடினாள். "இனி நீங்க போயி செத்த நேரம் படுங்க மிஸ்ஸி."

நேற்றிலிருந்து அவளிடம் அப்படிச் சொன்ன ஒரே ஆள் இவள்தான். றம்லா சரியென்று தலையாட்டினாள். அதற்குள் அடுத்த நோயாளியைத் தள்ளிக்கொண்டு கதவருகே வந்துவிட்டார்கள்.