வடக்கு ஜன்னலில் உதித்த சூரியன்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குத் தையற்காரம்மாவின் வீட்டில் சூரியன் வடக்கு ஜன்னலில் உதித்தது. அண்டை வீடுகளில் வழக்கம்போல் கிழக்கில்தான். மறுநாள் மேற்கு, அதற்கு மறுநாள் சமையலறை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த மகள் வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டு, சூரியன் அதேதான், சூடும் அதேதான் என்றாள்.

அந்த வாரம்தான் அவள் பஹாய் மதத்தில் சேர்ந்திருந்தாள். கடவுளின் தூதர்கள் காலத்துக்குக் காலம் வருகிறார்கள், கிறிஸ்துவில் ஒளிர்ந்ததே அம்மதத்தை நிறுவிய பஹாவுல்லாவிலும் ஒளிர்ந்தது என்று நம்பினாள். தேவாலயப் பாடகர்களுக்கு அங்கி தைக்கும் அம்மாவுக்கு அது தாங்கவில்லை.

“இயேசு திரும்பி வந்துட்டுப் போயிட்டார்னா, நான் இத்தனை வருஷம் யாருக்குடி காத்திருக்கேன்?”

“இயேசுவை விடச் சொல்லலையேம்மா. அவரை ஏத்துக்காம நான் பஹாயாவே இருக்க முடியாது.”

அம்மா கிழக்கைத் தவிர எல்லா ஜன்னல்களுக்கும் பலகை வைத்து ஆணி அடித்தார். சூரியன் அதன்பின் கிழக்குப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆறு வருடம் பகலிலும் குழல்விளக்கு எரிந்தது.

கதவு என்னவோ திறந்தேதான் கிடந்தது. ஆனால் மகளும் அவள் விரும்பிய லிஃப்ட் பழுதுபார்ப்பவரும் கல்யாணம் செய்துகொள்ள, உயிரோடிருக்கும் பெற்றோர் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும்; அது பஹாய்களின் சட்டம். அவர் வீட்டில் இருவரும் சம்மதித்தாயிற்று. அப்பா இல்லாத இவள் வீட்டில் பாக்கி அம்மா ஒருவர்தான்.

“ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு ஓட வேண்டியதுதானேக்கா?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“ஓடலாம். நான் நம்பறது என்கூட ஓடி வராதே.”

வெள்ளிக்கிழமைதோறும் லிஃப்ட்காரர் தெருவில் நின்று கத்துவார்: “இன்னிக்குத் தெற்கு! பலகை கொதிக்குது! மாட்டிக்கிட்டவங்களைத் தினம் லிஃப்ட்லேருந்து எடுக்கறேன், உன்னை எடுக்க முடியலையே!” அவள் சிரிப்பாள். அதற்குள் அவளுக்கு முன்தலை நரைத்திருந்தது.

ஏழாம் வருடம் ஒரு காலை அம்மாவும் மகளும் சேர்ந்து ஜெபித்தார்கள். அதை மகள் ஒருநாளும் விட்டதில்லை. முடித்தபின் அம்மா பலகைகளையே வெகுநேரம் பார்த்தார்.

“வரப்போறவருக்குக் காத்திருக்கறவ எவளாவது ஜன்னலுக்கு ஆணி அடிப்பாளா?” என்றார். “நீ சொல்றதை நான் நம்பலடி. என் ஆண்டவர் இனிமேத்தான் வரணும். ஆனா உன் கல்யாணத்துக்குச் சம்மதம். சுத்தியலை எடு.”

கல்யாணத்தன்று சூரியன் குளியலறைக் காற்றுத் துவாரம் வழியாக வந்தது. “இன்னிக்கு அங்கயா, சரி” என்று அம்மா ஈரத் துணிகளை அங்கே கொண்டுபோய்க் காயப்போட்டார்.