மூன்றாவது பாட்டு

அப்பா போன பிறகு, வீட்டை ஒழிக்கும்போது என் இசைத்தட்டுக் குவியலின் அடியில் அந்தப் பழைய பங்க் ராக் ஆல்பம் கிடைத்தது. முப்பது வருஷமாக நானே மறந்துபோனது.

அப்போது அப்பாவுக்கு ஆலையில் நைட் ஷிப்ட், பகலில்தான் தூக்கம். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் கதவை இடிப்பார். "நிறுத்துடா! மனுஷன் தூங்க வேண்டாமா?" ஒரு தடவைகூட மூன்றாவது பாட்டுக்குப் போகவிட்டதில்லை, பாவி மனுஷன். வெறுத்துப்போய்த்தான் அதை அடியில் செருகினேன்.

இன்று சத்தத்தை முழுசாகக் கூட்டிவைத்துப் போட்டேன். அதே கத்தல், அதே கிட்டார் இரைச்சல். இரண்டாவது பாட்டு முடிந்தது. என்னையறியாமல் கதவைப் பார்த்தேன். மூன்றாவது பாட்டு தாராளமாக ஆரம்பித்தது.

எழுந்துபோய் ஊசியைத் தூக்கினேன்.

"நிறுத்திட்டேன்ப்பா" என்றேன்.